அமெரிக்க மாணவரும் வாக்குரிமையும்

வாக்குரிமை சட்டத்தால் வழங்கப்படுவது. வாக்களித்தலோ பழக்கத்தால் வருவது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரம் சிறிதன்று. ஓர் உரிமை சட்டநூலில் எழுதப்பட்ட அன்றே அது மக்கள் கைக்கு வந்துவிட்டதெனக் கருதுதல் பலருக்கும் இயல்பு. வரலாறு இதற்கு மாறான பாடத்தையே புகட்டுகின்றது. உரிமையைக் கையாளுதற்கு இடாப்பிற் பெயர் இருத்தல் வேண்டும். பெயர் பதிதற்கு முகவரி வேண்டும். வாக்களித்தற்கு எட்டக்கூடிய தூரத்தில் நிலையம் வேண்டும். இச்சிறு செயல்கள் ஒவ்வொன்றையும் ஆயிரக்கணக்கானோர்க்குச் செய்து கொடுக்க உழைப்பாளர் வேண்டும். அவ்வுழைப்பாளர் சிதறாது ஒன்றுபட்டு நிற்க ஓர் அமைப்பும் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே கல்லூரி மாணவர் 1960ஆம் ஆண்டு தொடக்கம் நடத்திவந்த இயக்கங்கள் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாவன.

மாணவர் இயக்கம் என்றதும் ஊர்வலமும் மறியலும் பகிஷ்காரமுமே பலர் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கும் வரலாற்றில் இடமுண்டு. ஆயினும் அமெரிக்க மாணவர் வாழ்வில் நிலைத்த பயன் விளைத்தவை, வெயிலிலே வீடு வீடாகச் சென்று படிவம் நிரப்பக் கற்பித்தலும், நகர மண்டபத்து அலுவலகத்திற்குத் துணைக்குச் செல்லுதலும், வழக்குமன்றில் ஆண்டுக்கணக்காகக் காத்திருத்தலுமாகிய பணிகளே. அப்பணிகளின் வரலாற்றை முறையாக நோக்குதல் தகும்.

இடாப்பும் வசிப்பிடமும்

அமெரிக்கத் தேர்தல் முறையை விளங்கிக் கொள்ளாதவிடத்து, மாணவர் எதற்காக இத்துணை முயன்றனர் என்பது புலப்படாது. இலங்கையிலே 1931ஆம் ஆண்டு சர்வசன வாக்குரிமை 21 வயதினருக்கு வழங்கப்பட்டது. 1959இல் அவ்வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது. இங்கே தேருநர் இடாப்பைத் திருத்தும் பணியை அரசாங்கமே மேற்கொள்கின்றது. கிராம உத்தியோகத்தர் வாயிலாக வீடுதோறும் படிவம் வருகின்றது. வீட்டுத் தலைவர் அதனை நிரப்பிக் கொடுக்கின்றார். சுருங்கக் கூறின், இடாப்பு வாக்காளரைத் தேடி வருகின்றது.

அமெரிக்காவிலோ நெடுங்காலமாக வாக்காளரே இடாப்பைத் தேடிச் செல்லுதல் வேண்டுமென்பது பொதுவிதியாயிற்று. அண்மைக் காலத்திற் சில மாநிலங்கள் இதனைத் தளர்த்தியுள்ளனவெனினும், பெரும்பாலான இடங்களில் தன் பெயரைத் தானே முயன்று பதிவு செய்தல் குடிமகனின் பொறுப்பேயாகும். மேலும், தேர்தலை நடத்துவது மத்திய அரசாங்கமன்று. ஐம்பது மாநிலங்களும், அவற்றின் உட்பிரிவாகிய கவுண்டிகளும் தத்தம் சட்டப்படி நடத்துகின்றன. ஆகவே பதிவாளர் என்னும் உள்ளூர் உத்தியோகத்தரின் கையில் மிகுந்த அதிகாரம் தங்கியிருந்தது.

இம்முறை மாணவர்க்கு மூன்று இடர்களை விளைத்தது. முதலாவது, அவர் முதன்முறை வாக்காளர், நடைமுறை அறியாதவர். இரண்டாவது, பெற்றோர் இல்லத்தை விட்டு வேறோர் ஊரில், சிலவேளை வேறொரு மாநிலத்தில், விடுதியில் வாழ்பவர். ஆண்டுதோறும் அறை மாற்றுபவர். மூன்றாவது, அவரை அவ்வூரவர் என்று ஏற்க ஊரார் பலர் விரும்பவில்லை. மாணவனுக்கு ஊர் எது என்ற வினாவே இவ்வரலாற்றின் நடுவே நின்று பல வழக்குகளுக்கும் வித்தாயிற்று.

கிறீன்ஸ்பரோ முதல் மிசிசிப்பி வரை

1960ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆம் நாள், வட கரோலினா மாநிலத்துக் கிறீன்ஸ்பரோ நகரிலே, விவசாய தொழில்நுட்பக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் நால்வர் உல்வேர்த் கடையின் உணவுப் பந்தியில் அமர்ந்தனர். எசெல் பிளெயர், பிராங்ளின் மக்கெயின், யோசேப் மக்னீல், டேவிட் றிச்மண்ட் என்னும் அந்நால்வரும் கறுப்பினத்தவர். அப்பந்தியோ வெள்ளையர்க்கு மாத்திரம் உரியதாயிருந்தது. உணவு மறுக்கப்பட்டும் அவர்கள் எழவில்லை. சில நாட்களுள் அவ்வெண்ணிக்கை நூற்றுக்கணக்காயிற்று. யூலை மாதம் 25ஆம் நாள் அப்பந்தி யாவர்க்கும் திறக்கப்பட்டது.

இதே ஆண்டு ஏப்ரல் மாதம், றாலி நகரத்துச் சோ சர்வகலாசாலையில் எலா பேக்கர் அம்மையாரின் முயற்சியால் பல கல்லூரி மாணவரும் கூடினர். மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு அங்கே தோன்றிற்று. நாகபுரியிலுள்ள கிசுலப் கல்லூரியில் மூன்றாண்டு பணிபுரிந்து, காந்தியடிகளின் சத்தியாக்கிரக நெறியைப் பயின்று திரும்பிய யேம்ஸ் லோசன் என்பார் அக்கூட்டத்தில் உரையாற்றியவருள் ஒருவர். முதியோர் சங்கங்களின் கிளையாக அமையாது, மாணவர் தம் சொந்த அமைப்பைத் தாமே நடத்துதல் வேண்டுமென்பது பேக்கர் அம்மையாரின் கொள்கை. இவ்வறிவுரை பின்னாளிற் பெரும்பயன் தந்தது.

உணவுப் பந்தியில் அமர்தல் ஒரு நாளில் உலகறியும் செயல். ஆனால் அப்பந்தியைப் பற்றிய சட்டத்தை இயற்றுவோரைத் தெரிவு செய்யும் உரிமை இல்லாதவர்க்கு அவ்வெற்றி எத்துணை நாள் நிலைக்கும்? இவ்வினா எழுந்ததும் குழுவினருட் பலர் வாக்காளர் பதிவுப் பணிக்குத் திரும்பினர். 1961இல் நியூயோர்க் நகரத்துக் கணித ஆசிரியரான றொபேட் மோசெஸ் மிசிசிப்பி மாநிலத்து மக்கோம் என்னும் ஊரில் இப்பணியைத் தொடங்கினார்.

மிசிசிப்பியின் நிலை கொடிது. பதிவு செய்யச் செல்பவர் 21 வினாக்கள் கொண்ட படிவத்தை நிரப்புதல் வேண்டும். அம்மாநில அரசியலமைப்பின் 285 பிரிவுகளுள் பதிவாளர் சுட்டும் ஒன்றை எழுதி, அதற்குப் பொருளும் உரைத்தல் வேண்டும். விடை சரியோ பிழையோ என்பதைத் தீர்ப்பவர் அப்பதிவாளரே. பட்டதாரியான கறுப்பின ஆசிரியர் தவறியதாகவும் அரைகுறையாகக் கற்ற வெள்ளையர் தேறியதாகவும் கொள்ள இம்முறை இடமளித்தது. மாணவர் இதற்கு எதிராகச் செய்தது யாதெனின், மாலை வகுப்புகள் நடத்தியமையே. படிவத்தின் ஒவ்வொரு வினாவையும் விளக்கினர்; அரசியலமைப்பின் பிரிவுகளைப் படிப்பித்தனர்; பின்னர் மக்களுடன் பதிவு அலுவலகம் வரை நடந்தும் சென்றனர். இதன் விலையும் பெரிது. இப்பணிக்குத் துணைநின்ற ஏபேட் லீ என்னும் கமக்காரர் 1961 செப்டெம்பரில் மாநிலச் சட்டசபை உறுப்பினர் ஒருவராற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கறுப்பின மக்கள் வாக்களிக்க விரும்பவில்லை என்று அம்மாநில ஆட்சியாளர் கூறிவந்தனர். அக்கூற்றை மறுத்தற்கு 1963 நொவெம்பரில் மாணவர் ஒரு மாதிரித் தேர்தலை நடத்தினர். யேல், ஸ்ரான்போட் சர்வகலாசாலை மாணவரும் துணைக்கு வந்தனர். தேவாலயங்களிலும் கடைகளிலும் வைக்கப்பட்ட பெட்டிகளில் ஏறக்குறைய 80,000 மக்கள் வாக்கிட்டனர். சட்டத்தின் முன் அவ்வாக்குகளுக்கு மதிப்பில்லை. ஆயினும் வாக்குச்சீட்டை முதன்முறை கையில் ஏந்தியோர்க்கு அது பயிற்சியாயிற்று. நாட்டினர்க்கு அது சான்றாயிற்று.

அடுத்த ஆண்டு, 1964 கோடைக்காலத்தில், ஏறக்குறைய ஆயிரம் தொண்டர் மிசிசிப்பி சென்றனர். அவருட் பெரும்பாலோர் வட மாநிலங்களின் வெள்ளை மாணவர். ஒகாயோ மாநிலத்துப் பெண்கள் கல்லூரியொன்றில் அவர்க்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. யூன் 21ஆம் நாள் யேம்ஸ் சேனி, அன்ட்றூ குட்மன், மைக்கேல் சுவேர்ணர் என்னும் மூவர் கொலையுண்டனர். குட்மன் நியூயோர்க்கின் குயின்ஸ் கல்லூரி மாணவன், வயது 20. நாற்பத்து நான்கு நாட்களின் பின்னரே, ஓகஸ்ற் 4ஆம் நாள், ஓர் அணைக்கட்டின் மண்ணுள் அவர்கள் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன.

அக்கோடையின் கணக்கைப் பார்ப்பின் தோல்வியென்றே தோன்றும். பதிவு செய்ய முயன்றோர் 17,000 பேர். ஏற்கப்பட்டோர் 1,600 பேரே. ஆனால் நாற்பதுக்கு மேற்பட்ட சுதந்திரப் பாடசாலைகள் நடைபெற்றன. அங்கே சிறுவரும் முதியோரும் குடியியலும் தம் இனத்து வரலாறும் கற்றனர். நிராகரிக்கப்பட்ட ஒவ்வொரு விண்ணப்பமும் அநீதிக்குச் சான்றாயிற்று. அடுத்த ஆண்டு அலபாமாவின் செல்மா நகரில் எழுந்த போராட்டமும் சேர, 1965 ஓகஸ்ற் 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. எழுத்தறிவுச் சோதனைகள் நிறுத்தப்பட்டன. மத்திய அரசின் பரிசோதகர் அனுப்பப்பட்டனர். 1964இல் மிசிசிப்பியிலே தகுதியுடைய கறுப்பினத்தவருள் நூற்றுக்கு 7 பேரும் இடாப்பில் இல்லை. 1967இலோ நூற்றுக்கு ஏறக்குறைய 60 பேர் இடம்பெற்றனர். சட்டம் வாயிலைத் திறந்தது உண்மையே. அவ்வாயிலருகே மக்களை முன்னரே அழைத்து வந்து நிறுத்தியது மாணவர் பணியாகும்.

பதினெட்டு வயது

மேற்கூறிய போராட்டத்தில் ஈடுபட்ட மாணவர் பலர்க்குத் தமக்கே வாக்குரிமை இருக்கவில்லை என்பது வியப்பைத் தரலாம். அக்காலத்தில் பெரும்பாலான மாநிலங்களில் வாக்குரிமை வயது 21 ஆகவே இருந்தது. யோர்ச்சியா 1943இலும் கென்ரக்கி 1955இலும் 18 எனக் குறைத்தன. 1942 முதல் பதினெட்டு வயதினர் கட்டாயப் படைச்சேவைக்கு உட்பட்டிருந்தனர். போர்க்களத்தில் உயிர் கொடுக்கத் தக்க வயது, போரைத் தீர்மானிப்போரைத் தெரிவு செய்யத் தகாத வயதாகுமோ என்ற வாதம் அன்றே எழுந்தது. வியட்நாம் போர் வளர வளர அவ்வாதம் வலுப்பெற்றது.

1968 இறுதியில் கலிபோர்னியாவின் பசிபிக் சர்வகலாசாலை மாணவர் வாக்குரிமை வயதைக் குறைக்கக் கோரும் இயக்கமொன்றைத் தொடங்கினர். அது விரைவிற் பிற கல்லூரிகளுக்கும் பரவிற்று. 1969இற் பல இளைஞர் சங்கங்கள் கூட்டுச் சேர்ந்து காங்கிரசில் வேண்டுகோள் விடுத்தன. 1970 மே 4ஆம் நாள் ஒகாயோவின் கென்ற் மாநில சர்வகலாசாலையில், போரெதிர்ப்பு ஆர்ப்பாட்டத்தின்போது தேசியக் காவற்படையினர் சுட்டு நான்கு மாணவர் இறந்தனர். வாக்குப்பெட்டியின் வழி மறுக்கப்பட்டோர் வீதிக்கு வருவர் என்னும் கருத்து அரசியல்வாதிகள் உள்ளத்திலும் பதிந்தது.

அவ்வாண்டு யூன் மாதத்திலேயே 18 வயது வாக்குரிமைக்குச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் டிசெம்பரில் நாட்டின் உயர் நீதிமன்றம் அச்சட்டம் மத்திய அரசின் தேர்தல்களுக்கே செல்லுமெனவும், மாநிலத் தேர்தல்களுக்குச் செல்லாதெனவும் தீர்ப்பளித்தது. இதன்படி சனாதிபதித் தேர்தலுக்கு ஓர் இடாப்பும், மாநிலத் தேர்தலுக்கு மற்றோர் இடாப்பும் வைத்திருத்தல் வேண்டும். இவ்விரட்டைச் செலவுக்கு அஞ்சிய மாநிலங்கள் அரசியலமைப்புத் திருத்தத்தை வரவேற்றன. செனற் சபையில் ஒருவரும் எதிர்க்காது 94 வாக்குகளாலும், பிரதிநிதிகள் சபையில் 19க்கு எதிராக 401 வாக்குகளாலும் அது நிறைவேறி, 1971 மார்ச் 23ஆம் நாள் மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டது. யூலை 1ஆம் நாள் 38ஆவது மாநிலமும் ஏற்க, இருபத்தாறாம் திருத்தம் சட்டமாயிற்று. வேறெத்திருத்தமும் இத்துணை விரைவில் ஏற்கப்பட்டதில்லை. ஏறக்குறைய 1 கோடியே 10 இலட்சம் இளைஞர் ஒரே நாளில் வாக்குரிமை பெற்றனர்.

பெற்றனரேயன்றி, அனைவரும் பயன்படுத்தினரல்லர். 1972ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் 18 முதல் 24 வயது வரையினருள் நூற்றுக்கு ஏறக்குறைய 50 பேர் வாக்களித்தனர். 1996இல் அத்தொகை நூற்றுக்கு 32 ஆக வீழ்ந்தது. திருத்தம் நூறு நாட்களில் வந்தது. பழக்கம் இருபத்தைந்து ஆண்டிலும் வரவில்லை. இதற்கு இளைஞரின் அசட்டையை மாத்திரம் காரணமாக உரைத்தல் நேர்மையன்று. இடாப்பும் வசிப்பிடமும் பற்றிய பழைய இடர்கள் அவ்வாறே நின்றன.

பிரெய்றி வியூவின் பாடம்

டெக்சாஸ் மாநிலத்து வோலர் கவுண்டியில் 1876இல் கறுப்பின மக்களுக்காக நிறுவப்பட்டது பிரெய்றி வியூக் கல்லூரி. இன்று அது ஒரு சர்வகலாசாலை. இருபத்தாறாம் திருத்தத்தின் பின் அங்குள்ள மாணவர் பதிவு செய்யச் சென்றபோது, கவுண்டியின் பதிவாளர் அவர்களிடம் தனியானதொரு வினாப்பத்திரத்தைக் கொடுத்தார். இவ்வூரிற் சொத்துண்டா, தொழிலுண்டா, படிப்பு முடிந்தபின் எங்கே வாழ எண்ணம் என்பன போன்றவை அவ்வினாக்கள். பதிவாளர் தாம் அறிந்த ஊரவரை இவ்வாறு வினவவில்லை; மாணவரையே வினவினார்.

மத்திய அரசு வழக்குத் தொடுத்தது. 1978இல் மாவட்ட நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1979 சனவரியில் உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. மாணவர் என்பதற்காக வசிப்பிடம் பற்றி வேறான சோதனை வைத்தல் இருபத்தாறாம் திருத்தத்திற்கு முரண் என்பது இதனால் நாடெங்கும் நிலைபெற்ற விதியாயிற்று. தான் கற்கும் ஊரைத் தன் ஊராகக் கொள்ளும் மாணவன் அங்கே வாக்களிக்கலாம். பெற்றோர் ஊரையே தன் ஊராகக் கொள்பவன் அங்கே வாக்களிக்கலாம். ஈரிடத்தும் வாக்களித்தல் ஆகாது.

இத்துடன் வழக்கு முடிந்ததெனில் இக்கதை எளிது. அவ்வாறு முடியவில்லை. 1992இல் மாணவர் சிலர்மீது சட்டமுரணாக வாக்களித்தனர் எனக் குற்றம் சாட்டப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. 2003 இறுதியில் கவுண்டியின் வழக்குத்தொடுநர் மாணவர் வாக்களிக்கும் தகுதி பற்றி ஐயம் எழுப்பினார். 2004 சனவரியில் மாணவர் திரளாக ஊர்வலம் சென்றனர், மன்றமும் நாடினர். 2008இல் முன்கூட்டி வாக்களிக்கும் நிலையங்கள் குறைக்கப்பட்டபோது, ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் ஏழு மைலுக்கு மேல் நடந்து தலைநகராகிய கெம்ஸ்ரெட்டை அடைந்து வாக்களித்தனர். 2013இலேயே சர்வகலாசாலை வளவினுள் வாக்களிப்பு நிலையம் அமைந்தது. 2018இல் முன்கூட்டி வாக்களிக்கும் நாட்களும் நேரமும் போதாவென மீண்டும் வழக்கிட்டனர். 2022இல் அவ்வழக்கு மாணவர்க்கு எதிராகத் தீர்ந்தது.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மையொன்றுண்டு. மாணவர் தலைமுறை நான்கு ஆண்டுகளே வாழ்வது. 1979இல் வென்றவர் 1992இல் அங்கில்லை; 2004இல் நடந்தவர் 2018இல் அங்கில்லை. ஆனால் கவுண்டி அலுவலகமோ என்றும் அங்கேயே இருக்கின்றது. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத் தொடங்க நேரின், பெற்ற வெற்றியைக் காப்பதற்கும் ஆளிராது. ஆகவே மாணவர் அமைப்பின் முதற்கடன் தன் நினைவைக் காத்தலாகும்: ஆவணங்களைப் பேணல், இளையோரைப் பயிற்றல், ஆசிரியரையும் பழைய மாணவரையும் துணைக்கொள்ளல் என்பன ஊர்வலத்திற் குறைந்தனவல்ல.

ஊராரின் ஐயம்

ஊரார் கூறும் மறுப்பையும் நடுநிலையோடு ஆராய்தல் வேண்டும். நான்காண்டு தங்கிச் செல்பவர், நாற்பதாண்டு வாழ்பவரின் வரியையும் வீதியையும் பாடசாலையையும் தீர்மானிப்பது முறையோ என்று அவர்கள் வினவுகின்றனர். சிற்றூரொன்றில் ஊராரிலும் மாணவர் தொகை மிகுமாயின் இவ்வச்சம் வெறுங்கற்பனை அன்று.

ஆயினும் இதற்கு விடையும் உண்டு. குடிசன மதிப்பில் விடுதி மாணவர் கல்லூரி இருக்கும் ஊரிலேயே எண்ணப்படுகின்றனர். அவ்வெண்ணிக்கையைக் கொண்டே அவ்வூருக்குப் பிரதிநிதித்துவம் கணிக்கப்படுகின்றது. தலைக்கணக்கிற் சேர்த்து வாக்குக்கணக்கில் விலக்குதல் எவ்வாற்றானும் நியாயமாகாது. மாணவர் அவ்வூர்க் கடைகளில் விற்பனை வரி செலுத்துகின்றனர். அவ்வூர்ப் பொலிசாரின் அதிகாரத்துக்கு உட்படுகின்றனர். தொழிலின் பொருட்டு ஈராண்டு தங்குபவரையும், படைமுகாமில் ஓராண்டு வாழ்பவரையும் எத்துணைக் காலம் இருப்பீர் என்று கேட்டு எவரும் விலக்குவதில்லை. 1972இல் உயர் நீதிமன்றம் ஓராண்டு வசித்தல் வேண்டுமென்ற தெனெசி மாநில விதியையும் செல்லாதென்றது. குடிமகன் இன்று எங்கு வாழ்கின்றான் என்பதே வினா. நாளை எங்கு செல்வான் என்பதன்று.

நிலையமும் நேரமும்

பிற்காலப் போராட்டம் வாக்குரிமை உண்டா என்பதிலிருந்து, வாக்களிக்க வசதி உண்டா என்பதற்கு மாறியது. டெக்சாஸ் மாநிலம் 2011இல் இயற்றிய அடையாளச் சீட்டுச் சட்டம் கைத்துப்பாக்கி அனுமதிப்பத்திரத்தை ஏற்றது. மாணவர் அடையாள அட்டையை ஏற்கவில்லை. இவ்வகை விதிகள் எவரையும் வெளிப்படையாக விலக்குவதில்லை. வழியை நீட்டி, முயல்வோரைச் சலிப்படையச் செய்கின்றன.

நியூயோர்க் மாநிலத்து பாட் கல்லூரியின் நிகழ்ச்சி இதற்கு மாற்று மருந்தைக் காட்டுகின்றது. கொலையுண்ட அன்ட்றூ குட்மனின் பெற்றோர் 1966இல் மகன் பெயரால் ஓர் அறநிலையம் நிறுவினர். அந்நிலையமும் பாட் கல்லூரி மாணவரும் சேர்ந்து, கல்லூரி வளவினுள் வாக்களிப்பு நிலையம் வேண்டுமெனப் பல்லாண்டு முயன்றனர். 2020 தேர்தலுக்குச் சிறிது முன்னர் நீதிமன்றம் அதற்கு ஆணையிட்டது. 2022இல், வளவினுள் 300 அல்லது அதற்கு மேற்பட்ட பதிவுற்ற வாக்காளரைக் கொண்ட கல்லூரிகளில் நிலையம் அமைத்தற்கு அம்மாநிலம் சட்டமே இயற்றியது. ஒரு கல்லூரியிற் பிறந்த கோரிக்கை மாநிலம் முழுவதற்கும் விதியாயிற்று. மிசிசிப்பியில் 1964இல் மறைந்த இளைஞனின் பெயர் ஐம்பத்தாறு ஆண்டுகளின் பின்னும் அதே பணியைச் செய்தது.

பயன் தந்த முறைகள்

1998இல் மத்திய உயர்கல்விச் சட்டம் திருத்தப்பட்டு, வாக்காளர் பதிவுப் படிவங்களை மாணவர்க்குக் கிடைக்கச் செய்ய உண்மையாக முயலுதல் பெரும்பாலான கல்லூரிகளின் கடமையாக்கப்பட்டது. ஆனால் மூலையிற் குவித்து வைக்கப்பட்ட படிவம் எவரையும் வாக்காளராக்காது. அதை நிரப்பச் செய்வது சக மாணவரே. அனுபவத்தாற் பயன் கண்ட முறைகள் சில.

முதலாவது, பதிவை மாணவர் வாழ்வின் ஓரங்கமாக்குதல். புதிய மாணவர் சேரும் நாளிலே, விடுதித் திறப்பும் நூலக அட்டையும் பெறும் மேசையருகில், பதிவு மேசையும் இருப்பின் பெரும்பாலோர் தயங்காது நிரப்புவர். இரண்டாவது, தெரிந்த முகம். விடுதி மாடிக்கொருவர் பொறுப்பேற்று அறைதோறும் சென்று, முகவரி எழுதும் முறையையும், ஊருக்குத் தபால்வழி வாக்களிக்கும் முறையையும் விளக்குவர். மூன்றாவது, வாக்களிப்பு நாளுக்குரிய ஏற்பாடு: நிலையம் எங்கே, என்ன சீட்டு வேண்டும், எவ்விரிவுரைக்கும் எவ்விரிவுரைக்கும் இடையே செல்லலாம், வாகனம் யார் தருவர் என்பனவற்றை முன்கூட்டி அறிவித்தல். நான்காவது, அறிவு. வேட்பாளரை வரவழைத்து வினாவுதலும், மாணவர் பத்திரிகையில் பிரச்சினைகளை ஆராய்தலும் இல்லாதவிடத்து வாக்கு வெறும் குறியீடாகும்.

இவை யாவற்றிலும் கட்சிச் சார்பின்மை உயிர்நிலை. அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற கல்லூரிகள் எவ்வேட்பாளருக்கும் ஆதரவாகப் பிரசாரம் செய்தலாகாது. யாருக்கு வாக்களிப்பது என்பதை மாணவனுக்கே விட்டு, வாக்களித்தலை மாத்திரம் ஊக்குவிக்கும் அமைப்பே எல்லாக் கட்சி மாணவரின் நம்பிக்கையையும் பெறும். கல்லூரி அதிபரின் ஆதரவையும் பெறும்.

இம்முயற்சிகளின் காலத்தில் மாணவர் வாக்களிப்பும் உயர்ந்தது. மசச்சூசெற்சிலுள்ள ரவ்ற்ஸ் சர்வகலாசாலையினர் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயர்கல்வி நிலையங்களின் மாணவர் வாக்களிப்பை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கின்படி, 2014ஆம் ஆண்டு இடைக்காலத் தேர்தலில் மாணவருள் நூற்றுக்கு ஏறக்குறைய 19 பேர் வாக்களித்தனர். 2018இல் அது ஏறக்குறைய 40 ஆயிற்று. சனாதிபதித் தேர்தல்களில் 2016இல் ஏறக்குறைய 52 ஆயிருந்தது 2020இல் 66 ஆயிற்று. இவ்வுயர்வு முழுவதற்கும் மாணவர் அமைப்புகளே காரணமெனல் மிகைக்கூற்று. அவ்வாண்டுகளின் அரசியற் கொந்தளிப்பும் ஒரு காரணம். ஆயினும் இளைஞர் இயல்பாகவே பொதுவாழ்வில் நாட்டமற்றவர் என்னும் பழங்கருத்தை இக்கணக்குப் பொய்யாக்கிவிட்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், சட்டமும் அமைப்பும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பது தெளிவாகும். சட்டமின்றி அமைப்பு மாத்திரம் இருந்தபோது மிசிசிப்பியில் 17,000 பேர் முயன்று 1,600 பேரே இடாப்பில் ஏறினர். அமைப்பின்றிச் சட்டம் மாத்திரம் இருந்தபோது இருபத்தாறாம் திருத்தம் பெற்றுக் கொடுத்த உரிமையை அரைவாசிப் பேரும், பின்னர் மூன்றிலொரு பங்கினருமே கையாண்டனர். இரண்டும் இணைந்தவிடத்தே பயன் விளைந்தது.

பதினெட்டு வயதிலே கல்லூரி புகும் ஒருவர்க்கு, தாம் வாழும் ஊர் தமதென்றும், அதன் நன்மை தீமைகளில் தமக்கும் பொறுப்புண்டென்றும் உணரும் முதல் வாய்ப்பு இவ்வகைப் பணியிலேயே கிடைக்கின்றது. குடியியலைப் பாடநூலிற் கற்றோர் பரீட்சையில் தேறுவர். அயலறை மாணவனின் படிவத்திலுள்ள பிழையைத் திருத்தி, அவனை நிலையம் வரை அழைத்துச் சென்றோர் அதனை வாழ்நாள் முழுதும் மறவார். அவ்வாறு பயின்றோர் கல்லூரியை விட்டு நீங்கும்போது, தமக்குப் பின்வருவோர் ஒருவரையேனும் அதே மேசையில் அமர்த்திச் செல்லுதல் அவர்தம் கடனாகும். நான்காண்டு வாழும் தலைமுறை நாற்பதாண்டுப் பணியைச் செய்து முடித்தற்கு வேறு வழியில்லை.